தராசுத் தட்டும் இசைத்தட்டும்

இரண்டு பொருள்களை எதிரெதிரே நிறுத்தி, இதனினும் அது சிறந்தது என்று தீர்ப்புக் கூறும் விருப்பம் மாந்தர்க்கு இயல்பாய் அமைந்தது. மாங்காய் பகிரும் சிறுவர் முதல் பாட்டின் நயம் ஆராயும் புலவர் ஈறாக அனைவரும் இதனைச் செய்கின்றனர். மாணவர் விடுதிகளில் இவ்விருப்பம் இசைத்தட்டுகளின்மேல் மிகுதியும் செல்லக் காண்கின்றோம். தட்டுகள் பதினாறன் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இரண்டிரண்டாகப் பொரவிட்டு, தோற்றதை அடித்து, வென்றதை மேலேற்றி, கடைசியில் நிற்கும் ஒன்றற்கு வாகை சூட்டுவர். அவ்விடத்து எழும் ஆரவாரம் பந்தாட்டக் களத்து ஆரவாரத்திற்குச் சிறிதும் குறைந்ததன்று. இதனை வீண்பொழுது என்று பெரியோர் சிலர் இகழ்வர். யான் இகழேன். என்னை? ஒரு தட்டைத் தனியே கேட்குங்கால் 'இனிது' என்னும் ஒரு சொல்லோடு அமைந்துவிடும் நாம், இரண்டை ஒருங்கு வைத்த அளவிலே 'எவ்வாற்றான் இனிது?' என்று வினவத் தொடங்குகின்றோம். ஆராய்ச்சி அவ்வினாவிற் பிறப்பதன்றோ?

ஆயினும் அவ்வாகை எத்துணை உறுதியுடையது என்பது எண்ணத்தக்கது. பதினாறனுள் ஒன்றைத் தேர 15 போட்டிகள் போதும். ஒவ்வொன்றும் மற்றை ஒவ்வொன்றோடும் பொருவதாயின் 120 போட்டிகள் வேண்டும். ஆகவே தோற்றதை நீக்கும் முறையில் 105 இணைகள் ஒப்புநோக்கப்படாமலே ஒழிகின்றன. அன்றியும், இதனினும் பெரியதோர் இடர்ப்பாடு உண்டு. பிரெஞ்சு நாட்டறிஞர் கொந்தோர்சே என்பார் வாக்கெடுப்பைப் பற்றி ஆராய்ந்து 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினார். நண்பர் மூவர், அ, ஆ, இ என்னும் தட்டுகள் மூன்றனைச் சீர்தூக்குகின்றனர் என்று கொள்வோம். முதலாமவன் அ, ஆ, இ என்னும் வரிசையிலும், இரண்டாமவன் ஆ, இ, அ என்னும் வரிசையிலும், மூன்றாமவன் இ, அ, ஆ என்னும் வரிசையிலும் விரும்புகின்றனர். அ-வையும் ஆ-வையும் பொரவிட்டால் இருவர் துணையால் அ வெல்லும். ஆ-வையும் இ-யையும் பொரவிட்டால் அவ்வாறே ஆ வெல்லும். அங்ஙனமாயின் அ, இ-யை எளிதில் வெல்லுமன்றோ எனின், வெல்லாது. இரண்டாமவனும் மூன்றாமவனும் கூடி இ-க்கே வெற்றி தருவர். ஒவ்வொருவனும் தன்னளவில் முரணின்றி நடந்தும், கூட்டத்தின் தீர்ப்பு வட்டமாய்ச் சுழல்கின்றது. இந்நிலையில் வாகை பெறுவது கடைசியாகக் களத்திற் புகும் தட்டேயாம். ஆதலின் போட்டித்தாள் எழுதும் நண்பனைச் சற்றே ஐயுறுதல் நன்று.

இது எண்ணிக்கை பற்றிய இடர். இனி, பொருள் பற்றிய இடர் ஒன்றும் உளது. நாதசுரத் தட்டு ஒன்றையும் ஆங்கிலக் கூட்டுப்பாட்டுத் தட்டு ஒன்றையும் எதிர் நிறுத்தி எது சிறந்தது என்றால், விடை கேட்பானது வளர்ப்பைக் காட்டுமேயன்றித் தட்டின் தகுதியைக் காட்டாது. நம் அணிநூலார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். வேற்றுமையணிக்கு இலக்கணம் கூறவந்த தண்டியலங்காரமுடையார், ஒப்புடைய இரு பொருள்களிடையே வேற்றுமை தோன்றக் கூறுவதே அவ்வணி என்றார். ஞாயிற்றையும் தமிழையும் இணைத்துக் கூறும் புகழ்பெற்ற வெண்பாவும், இரண்டும் மலையிடைப் பிறத்தலையும், உயர்ந்தோர் தொழ விளங்குதலையும், உலகின் இருளகற்றுதலையும் முன்னர்க் கூறி, அதன் பின்னரே தமிழின் தனிச் சிறப்பைக் கூறுகின்றது. ஒப்புமை முன்னும் வேற்றுமை பின்னும் வருதல் வேண்டும். ஒப்பில்லாதவற்றிடை வேற்றுமை கூறுதல் அணியுமாகாது, ஆராய்ச்சியுமாகாது. நன்னூலார் ஆசிரியற்கு நிறைகோலை உவமை கூறியதும் ஈண்டு நினைக்கத்தகும். ஐயந்தீர உணர்த்துதல், நடுவுநிலை பிறழாமை என்னும் இரண்டும் அக்கோலின் இயல்புகள். ஒரு தட்டில் நெல்லும் மறு தட்டில் பாலும் வைத்து நிறுக்கலாம். ஆனால் எது சிறந்தது என்று கோலை வினவுதல் ஆகாது.

ஆகலின், ஒப்புமை இயன்றவரை நிரம்பிய இணை ஒன்றைத் தேடினேன். ஒரே இசையாசிரியரது ஒரே நூலை, ஒரே கலைஞர், ஒரே கூடத்தில் அமர்ந்து, 26 ஆண்டு இடையிட்டு இருமுறை பதிவு செய்த தட்டுகள் இரண்டு உள. கனடா நாட்டு டொரான்டோ நகரிற் பிறந்த கிளென் கூல்ட் என்னும் பியானோக் கலைஞர், பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் மாற்றுருக்கள்' என்னும் படைப்பை 1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும், மீண்டும் 1981ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் வாசித்துப் பதிவு செய்தவையே அவை. இரண்டும் நியூயார்க்கில் முப்பதாம் தெருவிலிருந்த கொலம்பியா நிறுவனத்தாரது கூடத்திற் பதிவாயின. அக்கூடம் முன்னர்க் கிறிஸ்தவ ஆலயமாய் இருந்த கட்டடம். இடம் ஒன்றானமையால் மட்டும் ஒப்புமை தோன்றிவிடாது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் ஜாஸ் தட்டும் 1959ஆம் ஆண்டில் அக்கூடத்திலேயே பிறந்தது. அதனைப் பாக்கோடு பொரவிடுவார் யார்? கூல்டின் தட்டுகளிலோ இடம், நூல், விரல்கள் மூன்றும் ஒன்று. நாற்காலியும் ஒன்று. அவர் தந்தையார் கால்களைக் குறைத்துச் செப்பஞ்செய்து கொடுத்த தாழ்ந்த மடக்கு நாற்காலியிலன்றி அவர் யாண்டும் அமர்ந்திலர். 1981ஆம் ஆண்டில் அதன் இருக்கை தேய்ந்தொழிந்து சட்டமே எஞ்சியிருந்தும் அதனை விட்டாரல்லர். வாசிக்குங்கால் அவர் தம்மையறியாது முணுமுணுத்துப் பாடும் குரலும் இரு தட்டிலும் கேட்கின்றது.

நூலின் அமைப்பை அறியாதார்க்கு அதனைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். யோவான் செபாஸ்தியன் பாக்கின் பெயரை நம் சிற்றாலயத்துப் பாடகர் குழுவினர் நன்கறிவர். லைப்சிக் நகரத்துப் புனித தோமா ஆலயத்தில் 1723 முதல் 1750இல் இறக்குமளவும் இசைப்பணி புரிந்த அவர், 1741ஆம் ஆண்டில் இந்நூலை அச்சிட்டு வெளியிட்டார். முதற்கண் 'ஆரியா' என்னும் மெல்லிய பாட்டு ஒன்று. அதன்பின் மாற்றுருக்கள் 30. இறுதியில் அவ்வாரியா மீண்டும் ஒருமுறை. ஆக 32 உறுப்புகள். ஆரியாவும் 32 தாள அளவுகள் கொண்டதே. மாற்றுருக்கள் பாட்டின் மேல்மெட்டைப் பின்பற்றுவன அல்ல. அடியில் ஓடும் ஆழ்குரலின் வரிசையையே அடிப்படையாகக் கொண்டவை. மூன்றாவதும், ஆறாவதும், ஒன்பதாவதுமாக ஒவ்வொரு மூன்றாம் உறுப்பும் 'கேனன்' என்னும் வகையைச் சார்ந்தது. அஃதாவது, ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றொரு குரல் சற்றுப் பின்னர்த் தொடங்கி அப்படியே பின்பற்றுவது. முதற் கேனனில் இரு குரலும் ஒரே சுரத்தில் தொடங்க, அடுத்ததில் ஒரு சுரம் தள்ளியும், அதற்கடுத்ததில் இரு சுரம் தள்ளியும், இவ்வாறு படிப்படியே ஏறிச் செல்கின்றது. முப்பதாவதில் கேனனை எதிர்பார்ப்பார்க்கு ஆசிரியர் நாட்டுப்பாடல்களின் மெட்டுகளைப் பின்னிய களியாட்டுப் பாட்டு ஒன்றை வைத்து வியப்பூட்டுகின்றார். உறக்கம் வாராத பிரபு ஒருவர்க்கு, கோல்ட்பெர்க் என்னும் இளைஞர் இரவில் வாசித்தற்கென இஃது இயற்றப்பட்டது என்றொரு கதை 1802ஆம் ஆண்டில் வெளிவந்த பாக்கின் வரலாற்றில் உளது. நூல் அச்சான காலத்தில் அவ்விளைஞர்க்கு வயது பதினான்கு. அதனால் அறிஞர் பலர் கதையை ஐயுறுவர். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நூல் எழுதப்பட்டது இரண்டு சுரவரிசைப் பலகைகளையுடைய ஹார்ப்சிகார்டு என்னும் பழங்கருவிக்கு. ஒரே வரிசையுடைய பியானோவில் வாசிப்பார்க்கு இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மோதும். 1933ஆம் ஆண்டில் வாண்டா லண்டொவ்ஸ்கா என்னும் அம்மையார் ஹார்ப்சிகார்டில் இதனை முழுதும் பதிவு செய்திருந்தார். பியானோவில், அதுவும் பெயர் பரவாத இளைஞர் ஒருவர், தம் முதற்பெருந் தட்டுக்கு இதனைத் தேர்ந்தமை துணிவே.

1955இல் அவர்க்கு வயது இருபத்திரண்டு. நம்முள் முதுகலை வகுப்பினர் வயது. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த அத்தட்டைக் கேட்டார்க்கு முதலில் தோன்றுவது வேகம். அவ்வேகத்திலும் ஒரு சுரமேனும் மற்றொன்றோடு கலந்து மங்குவதில்லை. முத்துக்களைப் பளிங்குத் தரையிற் சிதறினாற்போல ஒவ்வொன்றும் தனித்தொலிக்கின்றது. உறுப்புகளை இருமுறை வாசிக்குமாறு பாக் குறித்த குறிகளை அவர் பொருட்படுத்தவில்லை. முழுத் தட்டும் ஏறக்குறைய 38½ நிமிடத்தில் முடிகின்றது. 1981ஆம் ஆண்டுத் தட்டோ 51 நிமிடத்திற்கு மேற்படும்.

இவ்விரண்டு எண்களையும் கண்டவுடன் 'இளமையில் விரைந்தான், முதுமையில் தளர்ந்தான்' என்று முடிவு கட்டுவார் உளர். அது பிழை. பிற்பதிவில் கேனன்கள் முதலாய உறுப்புகள் சிலவற்றின் முற்பாதியை அவர் இருமுறை வாசித்தார். கால மிகுதியில் ஒரு பகுதி அதனால் வந்தது. மேலும், மெதுவாயிருத்தற்குப் பேர்போன இருபத்தைந்தாம் உறுப்பை எடுத்துக்கொள்க. துயரச் சாயலுள்ள அதனை லண்டொவ்ஸ்கா அம்மையார் 'கரிய முத்து' என்று அழைத்தார். இரு தட்டிலும் அஃது ஆறு நிமிடத்திற்குச் சற்று மேற்படுகின்றது. ஆனால் நீண்டு ஒலிப்பது இளைஞர் வாசித்ததே! கடிகாரத்தை நடுவராக வைப்பார் ஈண்டு நாணுவர்.

இனித் தட்டுகளை உறுப்புக்கு உறுப்பாகப் பொரவிட்டேன். யான் பியானோக் கலையிற் பயிற்சியுடையேன் அல்லேன். பாடகர் குழுவில் நின்று நால்வகைக் குரலும் தனித்தனி ஓடுவதைக் கேட்டுப் பழகிய செவி ஒன்றே என்பால் உளது. தொடக்க ஆரியாவில் 1981ஆம் ஆண்டுத் தட்டே வென்றது. இளைஞர் அதனை இரண்டு நிமிடத்திற்குள் அழகாக வாசித்துக் கடந்து செல்ல, முதியவர் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு, அடுத்த சுரம் வருமோ வாராதோ என்று நாம் மூச்சடக்கிக் காத்திருக்கும்படி செய்கின்றார். விரைவு வாய்ந்த உறுப்புகளிலெல்லாம் 1955ஆம் ஆண்டுத் தட்டுக்கே வெற்றி தந்தேன். கைகள் ஒன்றையொன்று தாண்டும் இடங்களில் அவ்விளைஞர் எய்தும் மகிழ்ச்சி, மலையருவியில் முதன்முறை இறங்கிய சிறுவனது மகிழ்ச்சியைப் போன்றது. பதினைந்தாவதில், மேற்குரல் மெல்லென ஏறி வானத்தில் தொங்கவிட்டாற்போல முடியும் அவ்விடத்தில், பின்னதே சிறந்தது. இருபத்தைந்தாவதில் என் தீர்ப்பு இளைஞர் பக்கம். முப்பதாவதில், கூட்டமாக நின்று பாடுவார் நடைபோல் நிமிர்ந்து செல்லும் முதியவர் பக்கம். எண்ணிப் பார்த்தபோது வெற்றிகளின் தொகை 1955ஆம் ஆண்டுத் தட்டுக்கே மிகுந்து நின்றது.

எனினும் இரண்டையும் தனித்தனியே முதலிலிருந்து இறுதிவரை இடையறாது கேட்டு எழுந்தபோது, 'பின்னதே பெரியது' என்று உள்ளம் உறுதியாய்க் கூறியது. உறுப்புகளில் தோற்றது முழுமையில் வென்றது எவ்வாறு? கணக்குப் பிழையோ, செவிப் பிழையோ என்று சில நாள் மயங்கினேன். விடை எனக்கு வகுப்பறையில், தண்டியலங்காரத்தின் பொதுவணியியலிற் கிடைத்தது.

அந்நூலார் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகையாகப் பகுப்பர். முத்தகம் தனித்து நின்று பொருள் முடிவது. குளகம் பாட்டுகள் பல சேர்ந்து ஒரு முடிபு கொள்வது. நமக்கு வேண்டுவன பின்னிரண்டு. குறுந்தொகை தொகைநிலை, ஒவ்வொரு பாட்டும் தன்னிறைவுடையது, அடுத்த பாட்டின்றியும் அது வாழும். சிலப்பதிகாரம் தொடர்நிலை, காதைகளைத் தனித்தனியே எடுத்துக் குறுந்தொகைப் பாட்டுகளோடு பொரவிட்டால் காதைகள் பல தோற்றல் கூடும். அதனால் சிலம்பு குறுந்தொகைக்குத் தாழ்ந்தது என்று கூறுவார் உளரோ? தொடர்நிலையின் ஆற்றல் உறுப்பில் மட்டும் இல்லை. ஓர் உறுப்பு மற்றொன்றற்கு வழிவிடும் இடத்திலும் உளது.

கூல்டின் முதற்றட்டு தொகைநிலை. முப்பது மாற்றுருக்களும் முப்பது முத்தகங்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய வேகமும் தனக்குரிய வேடமும் பூண்டு வந்து, தன் திறமையெல்லாம் காட்டி மறைகின்றது. இரண்டாந் தட்டு தொடர்நிலை. அதுவும் தண்டியார் கூறும் சொற்றொடர்நிலையாகிய அந்தாதியை ஒத்தது. அத்தட்டில் உறுப்புகளின் வேகங்களை ஒன்றற்கொன்று கணக்கியைபு உடையனவாகக் கூல்ட் வகுத்துக்கொண்டார். ஓர் உறுப்பில் ஓடிய நாடித் துடிப்பு, அதனைப் பகுத்தோ பெருக்கியோ வரும் அளவில், அடுத்த உறுப்புக்கு அடிப்படையாகின்றது. முன் செய்யுளின் ஈறு பின் செய்யுளின் முதலாவது போல, ஒன்றன் துடிப்பு மற்றொன்றற்குத் தொடக்கமாகி, முப்பதும் ஒரு சரமாகின்றன. அந்தாதியின் ஈறு முதலோடு சென்று பொருந்தி மண்டலிப்பது போல, இறுதியில் ஆரியா திரும்ப வருகின்றது. தொடக்கத்தினும் மெல்லென, ஏறக்குறைய நின்றுவிடும் அளவில். இவ்வியைபை உறுப்பளவில் கேட்பார் உணரார். உறுப்புகளைத் துணித்துப் பொரவிட்ட அப்போதே யான் இரண்டாந் தட்டின் உயிர்நிலையைத் துணித்தவனானேன். ஆகவே இசைத்தட்டுகளை ஒப்பிடுவார் முதலில் வினவவேண்டுவது, 'இத்தட்டு தொகையோ, தொடரோ?' என்பதேயாம். தொகைகளைப் பாட்டுக்குப் பாட்டுப் பொரவிடலாம். தொடரைத் தொடராகவே நிறுத்தல் வேண்டும்.

இனி ஒரு வழக்கு எஞ்சியுளது. இவ்விரண்டனுள் சிறந்தது எது என்று வாசித்தவரே தீர்ப்புக் கூறியிருக்க, நாம் ஆராய்வது ஏன் என்பார் உளர். 1982ஆம் ஆண்டில் டிம் பேஜ் என்னும் இசைத்திறனாய்வாளரோடு நிகழ்த்திய உரையாடலில், தம் முதற்பதிவை வாசித்தவனது உள்ளத்தோடு தம்மால் ஒன்றுபட இயலவில்லை என்னும் கருத்துப்படக் கூல்ட் பேசினார். இருபத்தைந்தாம் உறுப்பையோ மிகக் கடிந்தார். அதில் பாக்கின் இசையைவிடப் பியானோ வாசிப்பின் பகட்டே மிகுந்துளது என்பது அவர் குறை. அவர் கூற்றை நாம் மதித்தல் வேண்டும். எனினும் சில நினைக்கத்தகும். அவ்வுரையாடலின் பெரும்பகுதியை முன்னரே எழுதி அமைத்தவர் கூல்டே. அப்போது அவருடைய புதிய தட்டு வெளிவரவிருந்தது. வாதியே நடுவராய் அமர்ந்து, சாட்சிக்கும் சொல் எழுதிக்கொடுத்த வழக்கு இது. நாற்பத்தொன்பது வயதினர், இருபத்திரண்டு வயதினரை அவர் இல்லாத அவையில் விசாரிக்கின்றார். இளைஞர் எழுந்து மறுமொழி கூற வழியில்லை. அவர்க்காகப் பேசவேண்டியவர் கேட்போராகிய நாமே. இருபத்தைந்தாம் உறுப்பில் அவ்விளைஞர் சுரங்களை இழுத்தும் தேக்கியும் தம் துயரத்தை மறையாது வைத்தார். அதனைப் பகட்டு என்று முதியவர் கூறலாம். நூலின் ஒழுங்குக்கு அது புறம்பு என்பதும் உண்மையே. ஆயின் ஒழுங்கினும் பெரியதொன்று அங்கே ஒலிக்கின்றது என்றே என் செவி கூறுகின்றது. இவ்வோர் உறுப்பளவில் ஆசிரியர் தீர்ப்பை மறுக்கின்றேன். முழுத் தட்டளவில் அவர் தீர்ப்பே என் தீர்ப்பும்.

இரண்டாந் தட்டு 1982ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அம்மாதம் ஐம்பது வயது நிரம்பிய கூல்ட், சின்னாளில் மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வீழ்ந்து, அக்டோபர் 4ஆம் நாள் காலமானார். இறப்பினால் எய்திய பெருமிதம் அத்தட்டின்மேற் படர்ந்து, நம் தீர்ப்பைச் சாய்க்கின்றதோ என்றும் ஐயுறலாம். அவ்வையத்தை யானும் முற்றும் நீக்கிக்கொண்டேன் அல்லேன். இறுதி ஆரியாவைக் கேட்குங்கால், அதனை வாசித்தவர் விடைபெறுகின்றார் என்னும் நினைவு தானே வந்து புகுகின்றது. 1981இல் அவர் அங்ஙனம் எண்ணி வாசித்தார் என்பதற்குச் சான்று யாதுமில்லை.

2002ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தார் இரண்டு பதிவுகளையும் மேற்கூறிய உரையாடலோடு ஒரே தொகுதியாக வெளியிட்டனர். கேட்க விரும்பும் நண்பர்க்கு ஒன்று கூறுவேன். ஒரு மாலை 1955ஆம் ஆண்டுத் தட்டை முன்னும், மற்றொரு மாலை 1981ஆம் ஆண்டுத் தட்டை முன்னும் வைத்துக் கேட்க. கடைசியாகக் களத்திற் புகுவதற்கு உள்ள வலிமையை மேலே கண்டோமன்றோ? உரையாடலை இரண்டு மாலையும் கழிந்த பின்னரே கேட்க. தட்டுகள் இரண்டிற்குமாக ஒன்றரை மணி நேரம் வேண்டும். இரவு உணவு முடிந்தவுடன் தொடங்கினால், விளக்கணைக்கும் மணிக்கு முன் ஆரியா நான்காம் முறையும் வந்து போய்விடும்.